பிரிட்டனுக்கு வந்த நர்ஸ் தங்கைகளே, ‘கேஷுவல்டி’ தொடரை இப்படிப் பாருங்கள்

நம் ஊர் ஆஸ்பத்திரியில் “கேஷுவால்டி எந்தப் பக்கம்?” என்று கேட்டால் வாட்ச்மேன் முதல் கேன்டீன் பையன் வரை கை காட்டுவார்கள். இங்கே இங்கிலாந்தில் அந்தச் சொல்லை ஆஸ்பத்திரிக்குள் யாரும் இப்போது அதிகம் சொல்வதில்லை. போர்டில் ‘எமர்ஜென்சி டிபார்ட்மென்ட்’ என்றிருக்கும், வாயில் ‘ஏ அண்ட் ஈ’ என்று வரும். வயதானவர்கள் சிலர் மட்டும் பழைய பெயரைச் சொல்வார்கள். அப்புறம், சனிக்கிழமை சாயந்திரம் பிபிசி ஒன்னில் அந்தப் பெயர் வரும். 1986 செப்டம்பர் 6-ஆம் தேதி தொடங்கிய ‘கேஷுவல்டி’ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மதுரையில் ஆறு வருஷம் கேஷுவால்டியில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவள் நான். ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண். செய்முறைத் தேர்வான ஆஸ்கியை முதல் தடவையிலேயே முடித்தேன், நர்ஸாகப் பதிவானதற்கான ‘பின்’ நம்பரும் வந்துவிட்டது. ஆங்கிலம் போதும் என்றுதான் நினைத்தேன். இரண்டாவது மாதத்தில் ஒரு சாயந்திரம், அது போதாது என்று தெரிந்தது.

எழுபது வயதைத் தாண்டிய ஒருவர், முன்னாள் சுரங்கத் தொழிலாளி. சாப்பிட்டது செரிக்கவில்லை என்று மனைவியோடு வந்திருந்தார். முதல் இசிஜியில் ஒன்றும் இல்லை. நான் ஆப்ஸ், அதாவது பல்ஸ், பிபி எல்லாம், எடுக்கப் போனேன். வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டேன். “நாட் டூ பேட், மீ டக். டோன்ட் வான்ட் டு பி எ நியூசன்ஸ்” என்று சிரித்தார். இந்தப் பகுதியில் எல்லோரையும் ‘மீ டக்’ என்றுதான் கூப்பிடுவார்கள், நம் ஊரில் ‘கண்ணு’ என்பது போல. நாட் டூ பேட் என்றால் பரவாயில்லை என்றுதானே அர்த்தம்? இரண்டு என்று எழுதினேன்.

அந்தப் பக்கமாக வந்த எங்கள் சீனியர் சேச்சி நின்றார். கோட்டயத்துக்காரர், இங்கே வந்து இருபது வருஷம் ஆகிறது. அவர் மானிட்டரைப் பார்க்கவில்லை, கட்டில் கம்பியைப் பிடித்திருந்த அந்தப் பெரியவரின் கையைத்தான் பார்த்தார். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. சேச்சி குனிந்து, “வீட்டில் இருந்தால் இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பீர்கள்?” என்று கேட்டார். பதில் மனைவியிடமிருந்து வந்தது: “ஹீஸ் நாட் டச்ட் ஹிஸ் டீ. அண்ட் ஹி லெட் மீ டிரைவ்.”

டீ குடிக்காததில் என்ன இருக்கிறது என்று நான் நின்றேன். இந்தப் பகுதியில் ‘டீ’ என்றால் சாயந்திரச் சாப்பாடு. சாப்பாட்டைத் தொடவில்லை. அதைவிடப் பெரிய விஷயம், காரின் சாவியை மனைவியிடம் கொடுத்திருக்கிறார். நாற்பது வருஷத்தில் ஒரு நாளும் கொடுத்ததில்லையாம். சேச்சி உடனே இரண்டாவது இசிஜி எடுக்கச் சொன்னார். மாறியிருந்தது. அரை மணி நேரத்தில் அவர் இதய ரத்தக் குழாய் அடைப்பைச் சரிசெய்யும் கேத் லேபுக்குப் போய்விட்டார். பிழைத்துக்கொண்டார்.

ஷிஃப்ட் முடிந்து உடை மாற்றும் அறையில் அழுதேன். சேச்சி திட்டவில்லை. “உனக்கு நர்ஸிங் தெரியும். இவர்களுடைய ‘நாட் டூ பேட்’ தெரியாது. சனிக்கிழமை கேஷுவல்டி போட்டு சார்லியைப் பார், அவர் எப்படிக் கேட்கிறார் என்று பார்” என்றார். அன்றிலிருந்து நான் பார்த்த விதத்தைத்தான் எழுதுகிறேன். புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அந்த இரண்டாவது மாதம் வராமல் இருக்கட்டும்.

முதலில் யார் இந்த சார்லி

சார்லி ஃபேர்ஹெட். டாக்டர் இல்லை, நர்ஸ். அதுவும் ஆண் நர்ஸ். பெல்ஃபாஸ்ட்டில் பிறந்த டெரெக் தாம்ப்ஸன் 1986-இன் முதல் எபிசோடிலிருந்து 2024 மார்ச் 16 வரை இந்த வேடத்தில் நடித்தார். கிட்டத்தட்ட 38 வருஷம் ஒரே நர்ஸ்! ப்ரிஸ்டல் நகரின் ராயல் இன்ஃபர்மரியில் அப்போது வேலை பார்த்த ஒரு நிஜ சார்ஜ் நர்ஸைப் பார்த்துத்தான் இந்தப் பாத்திரத்தை உருவாக்கினார்கள். கதை நடக்கும் ஹோல்பி என்ற ஊர் கற்பனை, ஆனால் அதன் உடம்பு ப்ரிஸ்டல்தான். 2011 வரை அங்கேயே படம் பிடித்தார்கள், அதற்குப் பிறகு கார்டிஃபில் உள்ள ரோத் லாக் ஸ்டூடியோவுக்கு மாறினார்கள்.

ஜெரமி ப்ராக், பால் அன்வின் என்ற இரண்டு இளைஞர்கள் இதை உருவாக்கினார்கள். 1948-இல் பிறந்த என்ஹெச்எஸ், அதாவது அரசு மருத்துவச் சேவை, என்ற கனவு 1985-இல் கந்தலாகிவிட்டது என்றுதான் பிபிசிக்கு அவர்கள் கொடுத்த திட்டக் குறிப்பு தொடங்கியது. அதனால்தான் முதல் சீசனே இரவு ஷிஃப்ட்டைக் காப்பாற்றும் கதையாக வந்தது. ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில் முதல் சீசன் டிவிடி எனக்கு 2 பவுண்டுக்குக் கிடைத்தது. பதினைந்து எபிசோடு. உங்கள் கண்ணில் பட்டால் விடாதீர்கள். அதில் நர்ஸ்களின் வேலை அவ்வளவு அருகில் இருக்கிறது. பிரெண்டா ஃபிரிக்கர் நடித்த மேகன் ரோச் என்ற ஐரிஷ் நர்ஸைப் பாருங்கள், நம் ஊர் ஹெட் சிஸ்டர் அம்மா ஒருவர் நினைவுக்கு வருவார். அதட்டலும் அணைப்பும் ஒரே குரலில். இந்தத் தொடரில் இருந்த காலத்தில்தான் ஃபிரிக்கர் ‘மை லெஃப்ட் ஃபுட்’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கினார்.

பார்க்க என்ன வேண்டும்

பிபிசி ஐபிளேயர் போதும். ஆனால் டிவி லைசன்ஸ் கட்டாயம். ஷேரிங் வீட்டில் உங்கள் அறைக்குத் தனி ஒப்பந்தம் என்றால் லைசன்ஸும் தனியாக எடுக்க வேண்டும், பக்கத்து அறை அக்காவுடையது உங்களுக்குச் செல்லாது. ஊரிலிருந்து பார்க்க முடியாது, பிரிட்டனுக்குள் மட்டும்தான். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

எந்த எபிசோடிலிருந்து என்று கேட்பீர்கள். ஆயிரத்தைத் தாண்டிவிட்டது, முதலிலிருந்து என்று உட்காராதீர்கள். அண்மைக் காலத்தில் ஏறக்குறைய 12 எபிசோடுகள் கொண்ட தனித்தனித் தொகுப்புகளாக வருகிறது. ஏதாவது ஒரு தொகுப்பின் முதல் எபிசோடில் ஏறிக்கொள்ளுங்கள். யார் யாரைக் காதலித்தார்கள், யார் யாருக்குத் துரோகம் செய்தார்கள் என்பது தானாகப் புரியும். புரியாவிட்டாலும் நமக்கு அது தேவையில்லை.

முதல் பத்து நிமிடம்: விபத்துக்கு முன்னால்

இந்தத் தொடருக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. யாரோ ஒருவர் வீட்டில் ஏணி மேல் ஏறுவார். இன்னொரு பக்கம் ஒரு அம்மா அவசரமாகக் கார் ஓட்டுவாள். யாருக்கு என்ன ஆகும் என்று இங்குள்ள குடும்பங்கள் சோபாவில் உட்கார்ந்து ஊகிப்பார்கள். நீங்களும் ஊகியுங்கள், ஆனால் நர்ஸாக. எவ்வளவு உயரம்? எந்தப் பக்கம் விழுவார்? இடுப்பா, கழுத்தா? தலை அடிபட்டால் ரத்தம் நீர்க்க வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவரா? எபிசோடை நிறுத்தி மூன்று வரி எழுதுங்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில் இன்னொரு லாபமும் இருக்கிறது. நோயாளியை வீட்டில் வைத்துப் பார்க்கிறீர்கள். நம்மிடம் வரும்போது அவர் ஒரு கவுனும் கைப்பட்டையும்தான். வீட்டில் அவர் எப்படிப் பேசினார், மனைவியிடம் எதை மறைத்தார் என்று தெரிந்துவிட்டால், வந்தவுடன் அவசரத்தைத் தரம் பிரிக்கும் ட்ரையாஜில் அவர் “ஃபைன்” என்று சொல்லும்போது அது பொய் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அவர் முகத்தைப் பாருங்கள். இந்தப் பயிற்சியை எந்தத் தேர்வுப் புத்தகமும் தராது.

பாராமெடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வரும் அரை நிமிடம்

எனக்கு மிகவும் உதவியது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டிராலி உள்ளே வரும். ஆம்புலன்ஸில் வந்த பாராமெடிக் நடந்துகொண்டே சொல்வார்: பெயர், வயது, எப்போது நடந்தது, எப்படி, என்ன காயம், பல்ஸ் பிபி எவ்வளவு, நாங்கள் என்ன கொடுத்தோம். நிஜத்திலும் ஏறக்குறைய இதே வரிசைதான், ‘அட்மிஸ்ட்’ என்று சொல்லித் தருவார்கள். முதல் வாரம் வேலையில் எனக்கு இதில் பாதி காதில் ஏறவில்லை. வேகம் ஒரு காரணம், பேச்சு வழக்கு இன்னொரு காரணம்.

அதனால் சப்டைட்டில் இல்லாமல் அந்த அரை நிமிடத்தை ஒரு தடவை கேளுங்கள், கேட்டதை நோட்டில் எழுதுங்கள். அப்புறம் சப்டைட்டில் போட்டு விட்டதைச் சிவப்பில் நிரப்புங்கள். பிறகு நீங்களே எழுந்து நின்று அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு விடுமுறை நாளுக்கு ஒரு ஹேண்டோவர், அதாவது நோயாளியை ஒப்படைக்கும் அந்தப் பேச்சு, போதும். பன்னிரண்டரை மணி நேர லாங் டே முடித்த உடம்பு அதற்கு மேல் கேட்காது. என் நோட்டில் முதல் பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தது. மூன்றாவது மாதம் ஒரு பக்கத்துக்கு இரண்டு வார்த்தை.

இதற்கு இரண்டு பேரைப் பிடித்துக்கொள்ளுங்கள். மைக்கேல் ஸ்டீவன்ஸன் நடிக்கும் இயன் டீன், வடக்கு இங்கிலாந்துப் பேச்சு. டை பாட்சர் நடிக்கும் ஜேன் ஜென்னிங், வேல்ஸ் பேச்சு, வாக்கியம் மேலே ஏறி இறங்கும். இந்த இரண்டு பேச்சும் காதுக்குப் பழகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பாராமெடிக்கின் வரிசையை எழுதிய பிறகு, அதே நோயாளியைப் பற்றி டாக்டருக்கு நீங்கள் போன் செய்வதாக நினைத்து ‘எஸ்பார்’ முறையில் சொல்லிப் பாருங்கள். நிலைமை, பின்னணி, உங்கள் மதிப்பீடு, உங்கள் பரிந்துரை. முதல் மூன்றும் நமக்கு வந்துவிடும். நான்காவதில்தான் நம் தொண்டை அடைக்கும். ஊரில் “சார், பேஷன்ட்டுக்கு பிபி இறங்குது சார்” என்று சொல்லிவிட்டு ஆர்டருக்குக் காத்திருப்போம். இங்கே “நீங்கள் பத்து நிமிடத்துக்குள் வந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்” என்று நாம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது மரியாதை ஆகாது, குறையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். தொடரில் சார்லி டாக்டரிடம் இந்த வரியை எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார் என்று கவனியுங்கள். குரல் உயராது, கெஞ்சவும் கெஞ்சாது.

யாரை எப்படிக் கூப்பிடுவது

ஊரில் நாம் எல்லோரும் ‘சிஸ்டர்’. இங்கே சிஸ்டர் என்பது பதவி, வார்டையோ ஷிஃப்ட்டையோ நடத்துகிற சீனியருக்கு உரியது. அந்த இடத்தில் ஆண் இருந்தால் சார்ஜ் நர்ஸ். மூத்த நிபுண டாக்டரான கன்சல்டன்ட்டைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வில்லியம் பெக் நடிக்கும் டிலன் கியோ என்ற கன்சல்டன்ட்டை நர்ஸ்கள் “டிலன்” என்றே அழைப்பதைப் பாருங்கள். சிடுசிடுவென்று இருப்பார், படகு வீட்டில் நாயோடு வாழ்ந்த மனிதர், ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்காகக் கோபப்பட மாட்டார். சுனேத்ரா சர்க்கார் 2007 முதல் 2016 வரை நடித்த கன்சல்டன்ட் ஸோயி ஹன்னாவும் அப்படியே, எல்லோருக்கும் ஸோயி.

சர்ஜன் என்றால் வேறு கதை. இந்த நாட்டில் அவர்களை டாக்டர் என்று சொல்ல மாட்டார்கள், மிஸ்டர், மிஸ், மிஸஸ்தான். அமாண்டா மீலிங் நடித்த கோனி போஷாம் இதயச் சர்ஜனாக ‘ஹோல்பி சிட்டி’ என்ற கிளைத் தொடரில் வந்து, பிறகு 2014-இல் இங்கே வந்தார். அவரை “மிஸஸ் போஷாம்” என்றுதான் அழைக்க வேண்டும். இதைத் தெரியாமல் ஒரு சர்ஜனுக்கு நான் “டாக்டர்” என்று கடிதத்தில் எழுதி, திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

புதிதாக வந்தவர்களுக்கு ராஷ் மாசும் பிடிக்கும். நீத் மோகன் நடித்த பாத்திரம். 2017-இல் எஃப் ஒன், அதாவது படிப்பு முடித்த முதல் வருஷ டாக்டராக வந்தார். அந்தக் கை நடுக்கம் நமக்குத் தெரிந்த நடுக்கம். அவர் முதல் சில மாதங்களில் தடுமாறுவதையும் யாரிடம் போய் உதவி கேட்கிறார் என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் நர்ஸ்களிடம்தான்.

எழுதி வைக்க வேண்டிய வார்த்தைகள்

ஊசி குத்தும் முன் எல்லோரும் சொல்லும் ஒரே வாக்கியம், “ஷார்ப் ஸ்க்ராச்”, சுருக்கென்று இருக்கும் என்று அர்த்தம். ‘பூர்லி’ என்றால் உடம்பு சரியில்லை, ஆனால் ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸிடம் “ஷீஸ் வெரி பூர்லி” என்றால் ஓட வேண்டிய நிலைமை. ‘வாட்டர்வொர்க்ஸ்’ என்று பெரியவர்கள் சொன்னால் சிறுநீர் விஷயம். ‘ஸ்பெண்ட் எ பென்னி’ என்றால் பாத்ரூம் போக வேண்டும். ‘கம் ஓவர் ஃபன்னி’ என்றால் சிரிக்க எதுவும் இல்லை, தலை சுற்றி மயக்கம் வந்தது என்று அர்த்தம், உடனே பிபி பாருங்கள்.

இன்னொன்று, “ஐ’ம் அஃப்ரெய்ட்.” டாக்டர் குடும்பத்தாரை ரிலேடிவ்ஸ் ரூமில் உட்கார வைத்து இதைச் சொன்னால், அவருக்குப் பயம் என்று அர்த்தமில்லை. அடுத்து கெட்ட செய்தி வருகிறது என்று முன்கூட்டியே கொடுக்கும் எச்சரிக்கை அது. அதன் பிறகு ‘டைட்’, அதாவது இறந்துவிட்டார், என்ற சொல்லை நேராகச் சொல்வார்கள். ஊரில் “முடியலைம்மா”, “தவறிட்டாங்க” என்று சுற்றிச் சொல்லியே பழகிய நமக்கு அது கல்லால் அடிப்பது போல இருக்கும். ஆனால் சுற்றிச் சொன்னால் இங்கே குடும்பத்தார் இன்னும் உயிர் இருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள். அந்தக் காட்சி வரும்போது பேசுகிறவரைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் நர்ஸைப் பாருங்கள். நம் வேலை அங்கேதான் இருக்கிறது.

எதை நம்பக் கூடாது

நெஞ்சை அழுத்துவதைத் தொடரிலிருந்து கற்காதீர்கள். உயிருள்ள நடிகரின் நெஞ்சை ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம் யாரும் அழுத்த முடியாது. அது பொம்மை மேல் கற்க வேண்டியது. ஐம்பது நிமிடத்தில் நோயாளி வந்து, ஸ்கேன் முடிந்து, ஆபரேஷனும் முடிந்துவிடும். நிஜத்தில் நான்கு மணி நேரம் என்பது என்ஹெச்எஸ் தனக்கே வைத்துக்கொண்ட இலக்கு, அதைத் தாண்டிக் காரிடாரில் டிராலிகள் நிற்கும். கம்ப்யூட்டரில் டைப் செய்யும் வேலை தொடரில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, நம் ஷிஃப்ட்டில் பெரும் பகுதி அதுதான். அப்புறம், ஹோல்பியில் ஊழியர்களுக்கு நடக்கும் கத்திக்குத்தும் வெடிவிபத்தும் கதைக்காக. ஊரில் அம்மாவுக்கு இதைப் போட்டுக் காட்டாதீர்கள், தூங்க மாட்டார்கள்.

நம்ப வேண்டியதும் உண்டு. 2021 ஜனவரி 2-ஆம் தேதி வந்த எபிசோடு கோவிட் காலத்தைச் சொன்னது. டோனி மார்ஷல் நடித்த ரிசப்ஷனிஸ்ட் நோயல் அதில் கோவிட்டால் இறந்து போவார். அதை நாங்கள் இன்னும் அதே நோயாளிகளுக்கு நடுவில் இருந்த மாதத்தில் பார்த்தோம். டாக்டரோ நர்ஸோ இல்லை, முன் மேஜையில் உட்கார்ந்து பெயர் எழுதிக்கொள்கிறவர். அவர்களையும் இழந்தோம் என்று அந்த எபிசோடு நினைவில் வைத்திருந்ததற்கு நான் இன்றும் நன்றி சொல்வேன். 2017 ஜூலையில் வந்த ‘ஒன்’ என்ற எபிசோடையும் தேடிப் பாருங்கள். முழுவதையும் வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டத்தில் எடுத்திருக்கிறார்கள். ஷிஃப்ட்டின் மூச்சு எப்படிப் போகும் என்பதை அது சரியாகப் பிடித்திருக்கிறது.

கேத்தி ஷிப்டன் நடித்த டஃபியின் கதையை மட்டும் தனியாக உட்கார்ந்து பாருங்கள். 1986-இல் இளம் நர்ஸாக வந்தவர், நடுவில் போய் வந்து, கடைசியில் சார்லியை மணந்து, மறதி நோயால் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் இழந்து, 2020-இல் இறந்து போகிறார். மருந்தின் அளவை மனப்பாடமாகச் சொன்ன ஒரு நர்ஸுக்கு அது மறக்கத் தொடங்கும் கட்டம் வரும். ‘எல்டர்லி கேர்’ வார்டில் வேலை கிடைத்திருக்கிறவர்கள் அவசியம் பாருங்கள்.

கடைசிப் பயிற்சி, சத்தத்தை நிறுத்திவிட்டு

சார்லி இருக்கும் ஒரு எபிசோடு கிடைத்தால், அவர் நோயாளியோடு பேசும் ஒரு காட்சியை ஒலி இல்லாமல் ஓட்டுங்கள். அவர் கண் எங்கே போகிறது? முகத்துக்கு, கைக்கு, பக்கத்தில் நிற்கும் மனைவிக்கு, மறுபடி கைக்கு. கேள்வி கேட்டுவிட்டு அவர் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார் என்று எண்ணுங்கள். நான் எண்ணிய ஒரு காட்சியில் நான்கு நொடி. வேலையில் நான்கு நொடி சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று திங்கட்கிழமை உங்களுக்குத் தெரியும்.

சேச்சி போன வருஷம் ஓய்வு பெற்றார். அவருடைய கேள்வியை இப்போது நான் கேட்கிறேன். உங்களிடமும் ஒருவர் கட்டாயம் “நாட் டூ பேட்” என்று சொல்வார். இரண்டு என்று எழுதும் முன், வீட்டில் இருந்தால் இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை மானிட்டர் பக்கம் திரும்பாதீர்கள்.